ஓடுறவங்க சிப்ரோஃப்ளாக்ஸசின் எடுக்கலாமா, வேற மருந்து கேக்கணுமா? நோய் வாரியா ஒரு ஒப்பீடு

டிசம்பர்ல கோயம்புத்தூர் மாரத்தான், ஜனவரில சென்னை மாரத்தான். ரெண்டுக்கும் பயிற்சி உச்சத்துல இருக்கிற மாசம் அக்டோபரும் நவம்பரும், நம்ம பக்கம் மழை கொட்டி குடிதண்ணி கெட்டுப் போற மாசமும் அதேதான். அதனால வருஷா வருஷம் இந்த நேரத்துல ரன்னிங் குரூப்ல ஒரே மாதிரி மெசேஜா வரும், வயித்தால போகுது, காய்ச்சல் விட மாட்டேங்குது, ஆன்டிபயாட்டிக் போட்டுட்டு இருக்கேன், ஞாயித்துக்கிழமை லாங் ரன் போலாமா வேணாமா. நான் மருந்தாளுநரா வேலை பாக்குறவன், குரூப்போட ஓடுறவனும் கூட, அதனால கேள்வி என்கிட்டதான் வந்து நிக்கும். லாங் ரன்னை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல மாத்திரை அட்டையைத் திருப்பி சின்ன எழுத்துல என்ன பேர் போட்டிருக்குன்னு படிங்கன்னு சொல்லுவேன்.

பேர் 'ஃப்ளாக்ஸசின்'னு முடியுதான்னு பாக்கணும். சிப்ரோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின், நார்ஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின், இதெல்லாம் ஃப்ளூரோகுவினலோன்னு ஒரே ஆன்டிபயாட்டிக் குடும்பம். நம்ம ஊர்ல இது ஜோடி போட்டும் நிறைய வரும், ஆஃப்ளாக்ஸசின் கூட ஆர்னிடஸோல், நார்ஃப்ளாக்ஸசின் கூட டினிடஸோல், ஓ2, நார்ஃப்ளாக்ஸ் டிஇசட் இந்த மாதிரி பேர்கள்ல. இதை வயித்து மாத்திரைன்னுதான் ஜனங்க நினைச்சிட்டு இருக்காங்க, உள்ள ஆன்டிபயாட்டிக் இருக்குன்னே பல பேருக்குத் தெரியாது. அட்டைல சிவப்புக் கோடு போட்டிருந்தா டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாதுன்னு அர்த்தம், அந்தக் கோட்டை யாரும் பாக்குறதே இல்ல.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடுறேன். இந்தக் குடும்பம் அரிதா குதிகால் நாரைப் பாதிக்கும், அதுக்காக இது கெட்ட மருந்து இல்ல, உயிரைக் காப்பாத்துற இடம் இதுக்கு இருக்கு, அதைக் கீழ சொல்றேன். ஆனா ஓடுறவங்க, கபடி ஆடுறவங்க, பேட்மின்டன் ஆடுறவங்க வழக்கமா எந்தெந்த நோவுக்கு இதை எடுத்து முழுங்குறாங்களோ, அதுல பெரும்பாலானதுக்கு நம்ம ஊர் கிருமி மேல இது சரியா வேலையே செய்றதில்ல. சீக்கிரம் குணமாகணுமா இல்ல காலைக் காப்பாத்திக்கணுமான்னு ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்குற நெருக்கடின்னு நினைக்கிறாங்க, பல நேரத்துல அப்படி ஒரு நெருக்கடியே கிடையாது, காலுக்கு பயமில்லாத மருந்துதான் நோவுக்கும் நல்ல மருந்து.

பயம்னு எதைச் சொல்றேன்னா, தசைநார் பாதிப்பு. தசையையும் எலும்பையும் சேத்துக் கட்டுற நார், அதுலயும் குதிகாலுக்கு மேல கெண்டைக்கால்லருந்து இறங்கி வர்ற தடிமனான அக்கில்லிஸ் நார். இந்த மருந்தால வர்ற நார் பாதிப்புல பத்துக்கு ஒன்பது அக்கில்லிஸ்லதான், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரெண்டு கால்லயும் ஒண்ணா வரும். 1983லயே நார்ஃப்ளாக்ஸசின் எடுத்தவங்களுக்கு இப்படி வந்ததா மருத்துவ இதழ்ல எழுதியிருக்காங்க. 2008ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, நார் அறுந்து போகலாம்னு மருந்துத் தாள்ல கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை வைக்கச் சொன்னாங்க, 2016ல இன்னும் இறுக்கி, சைனஸ், சாதா மூச்சுக்குழல் அழற்சி, சிக்கல் இல்லாத நீர்க்கடுப்பு இதுக்கெல்லாம் வேற மருந்து இருக்கும்போது இதை எழுதாதீங்கன்னாங்க. 2018 கடைசில ஐரோப்பிய மருந்து ஏஜென்சியும் கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க. பிரிட்டன்ல 2024 ஜனவரிலருந்து வழக்கமா குடுக்குற மத்த ஆன்டிபயாட்டிக் எதுவும் சரிவராதுன்ற நிலைமைலதான் இதை எழுதணும். கண்டிப்பு இப்படி வருஷத்துக்கு வருஷம் கூடிட்டே வந்திருக்கு.

சரி, ஆபத்து எவ்வளவு பெருசு? எடுத்தவங்கள்ல மிகப் பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, இது அரிதான பக்கவிளைவுதான். பிரிட்டன்ல குடும்ப டாக்டர்கள் வெச்சிருந்த பதிவுகளைப் பாத்து 2002ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, அறுபது வயசு தாண்டினவங்களுக்கு அக்கில்லிஸ் பிரச்சனை வர்ற வாய்ப்பு மூணு மடங்கு மாதிரி கூடியிருந்தது, அதே வயசுக்காரங்க கூடவே ஸ்டீராய்டும் எடுத்திருந்தா ஆறு மடங்கு. அறுபதுக்குக் கீழ கூடினதா அதுல தெரியல. இதைப் படிச்சிட்டு குரூப்ல ஒரு தம்பி, அப்ப எனக்கு முப்பத்தஞ்சுதானே, விடுங்கண்ணான்னு சொன்னான். ஆனா அந்தப் பதிவுல இருந்தவங்க பொதுஜனம், வாரத்துக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் ஓடி நாரை எப்பவும் இழுத்துட்டே இருக்குற ஆளுங்களைத் தனியாப் பிரிச்சுப் பாத்த ஆய்வு இல்ல அது. எஃப்டிஏ எச்சரிக்கைத் தாள்ல கடுமையான உடல் உழைப்பு, சிறுநீரகக் கோளாறு, ஏற்கனவே இருந்த நார் பிரச்சனை மூணையும் ஆபத்தைக் கூட்டுற காரணமா தனியா எழுதியிருக்காங்க. ஓடுறவங்கள்ல எத்தனை பேருக்கு அக்கில்லிஸ் ஒரு தடவையாவது பிடிச்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

உள்ள என்ன நடக்குதுன்னா, நார்ல இருக்குற செல்கள் கொலாஜென், அதாவது நாருக்கு பலம் குடுக்குற புரதம், உருவாக்குறது குறையுது, கொலாஜெனை அரிக்கிற என்ஸைம் கூடுது, மருந்து மெக்னீசியத்தைப் பிடிச்சு வெச்சுக்குறதால செல் ஒட்டிப் பிடிக்கிற வேலையும் கெடுதுன்னு லேப்ல பாத்திருக்காங்க. அக்கில்லிஸ்ல குதிகாலுக்கு ரெண்டு மூணு விரக்கடை மேல ரத்த ஓட்டம் ஏற்கனவே கம்மி, ரிப்பேர் மெதுவாதான் நடக்கும். கிணத்துத் தாம்புக்கயிறு வெளிய நல்லா தெரிஞ்சாலும் உள்ள ஒவ்வொரு புரியா விட்டுட்டு வர்ற மாதிரி, சாதாரணமா நடக்குறப்ப தெரியாது, வேகமா ஒரு ஸ்பிரின்ட் எடுத்து உதைக்கும்போது தெரியும்.

ஸ்டீராய்டைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லியாகணும், நம்ம ஊர்ல பெரிய ஆபத்து அங்கதான் இருக்கு. கடைல வந்து அண்ணே, காய்ச்சல் உடம்பு வலி, ஒரு செட் மாத்திரை குடுங்கன்னு கேப்பாங்க. அட்டை அட்டையா எடுத்து கத்தரிக்கோலால ஒண்ணு ஒண்ணா நறுக்கி சின்னக் காகிதக் கவர்ல போட்டு மூணு வேளைக்குக் குடுத்துடுவாங்க, நறுக்கின துண்டுல பேரும் இருக்காது தேதியும் இருக்காது. அதுக்குள்ள ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு வலி மாத்திரை, கூடவே பொடி சைஸ்ல ஒரு வெள்ளை மாத்திரை, பல கடைல அது டெக்ஸாமெத்தசோன் இல்ல பெட்டாமெத்தசோன். அதைப் போட்டா ரெண்டு மணி நேரத்துல ஆளு எழுந்து உக்காந்துடுவார், அதுக்குத்தான் அதைச் சேக்குறது. ஆன்டிபயாட்டிக் ஃப்ளாக்ஸசினா இருந்து இந்த வெள்ளை மாத்திரையும் இருந்தா, எந்த ஜோடியைச் சேக்கவே கூடாதுன்னு இத்தனை வருஷமா எழுதிட்டு வர்றாங்களோ அதே ஜோடி ஒரே கவர்ல. போட்டில கலந்துக்குற பசங்களுக்கு இன்னொரு வினை, ஆன்டிபயாட்டிக் டோப்பிங் பட்டியல்ல கிடையாது, ஆனா வாய் வழியா எடுக்குற ஸ்டீராய்டு போட்டி சமயத்துல தடை செஞ்ச பொருள், சாம்பிள்ல அது வந்தா காய்ச்சலுக்குக் கடைல குடுத்தாங்கன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. விளையாடுற யாரும் செட் மாத்திரை வாங்கவே வாங்காதீங்க, அப்பா அம்மாவே வாங்கிட்டு வந்தாலும் சரி.

இப்ப நோய் வாரியா வர்றேன். முதல்ல வயித்துப்போக்கு, நம்ம ஆளுங்க ஃப்ளாக்ஸசின் முழுங்குறது அதிகமா இதுக்குத்தான். இங்க ஒப்பிட வேண்டியது எந்த ஆன்டிபயாட்டிக்னு இல்ல, ஆன்டிபயாட்டிக் வேணுமா வேணாமான்னு. தண்ணியா போகுது, ரத்தம் இல்ல, பெரிய காய்ச்சல் இல்லன்னா அது பெரும்பாலும் வைரஸ் இல்ல லேசான கிருமி, ரெண்டு மூணு நாள்ல தானா நிக்கும். ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணில முழுசா கரைச்சு, பாதி பாக்கெட்டை ஒரு டம்ளர்ல போட்டுக் கலக்காம, கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிட்டே இருக்கணும், உப்பு போட்ட கஞ்சி, மோர் சாதம். ஓடுறவங்களுக்கு இதுல கூடுதல் கவனம் வேணும், உடம்புல தண்ணி குறைஞ்ச நிலைமைல லாங் ரன் போனா கிட்னிக்கும் தசைக்கும் சேத்து அடி. ரத்தம் சளி கலந்து போனா, காய்ச்சல் கூடினா, மூணு நாள் தாண்டினா டாக்டர்கிட்ட போயே ஆகணும், அங்க ஆன்டிபயாட்டிக் தேவைன்னு ஆனா அசித்ரோமைசின் முன்னாடி நிக்குது. தெற்காசியாவுல வயித்தக் கெடுக்குற கேம்பைலோபேக்டர் மாதிரி கிருமிகள்ல பெரும்பங்கு சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு அசையறதில்ல, அதனாலதான் வெளிநாட்டுலருந்து இந்தியா வர்ற பயணிகளுக்குக் கூட அவங்க டாக்டருங்க அசித்ரோமைசின் குடுத்து அனுப்புறாங்க. அமீபாதான்னு டெஸ்ட்ல வந்தா அதுக்கு மெட்ரோனிடஸோல் இருக்கு, ஜோடில ஆஃப்ளாக்ஸசின் சேந்து வர வேண்டிய அவசியமே இல்ல. அசித்ரோமைசின், மெட்ரோனிடஸோல் ரெண்டும் நார் பாதிப்போட சம்பந்தப்பட்டதில்ல.

அசித்ரோமைசின் ரொம்ப நல்ல பிள்ளைன்னும் எடுத்துக்காதீங்க. இதயத் துடிப்போட லயத்தைக் கெடுக்கலாம்னு 2013ல எஃப்டிஏ எச்சரிச்சிருக்காங்க, வீட்டுல யாருக்காவது சின்ன வயசுல திடீர்னு இதயம் நின்னிருந்தா, ஈசிஜில க்யூடி நீளம்னு எப்பவாவது சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட சொல்லணும். ஃப்ளாக்ஸசின்களுக்கும் இதே குணம் உண்டு, அதனால இந்த ஒரு விஷயத்துல ரெண்டும் சமம். என் பெரிய கவலை வேற. ஜலதோஷத்துக்கெல்லாம் அசித்ரோமைசின் மூணு மாத்திரை அட்டையை வாங்கிப் போடுறாங்களே, 2016ல பாகிஸ்தான் சிந்து மாகாணத்துல கிளம்பின டைஃபாய்டு கிருமிக்கு வாய் வழியாக் குடுக்க மிஞ்சியிருந்த மருந்து இது ஒண்ணுதான். இதையும் வீணடிச்சிட்டா அடுத்து எங்க போறது?

டைஃபாய்டு பேச்சு வந்ததால அதையும் பாத்துடலாம். ஒரு காலத்துல டைஃபாய்டுன்னாலே சிப்ரோஃப்ளாக்ஸசின்தான், இன்னைக்கு இந்தியாவுல டைஃபாய்டு கிருமி பெரும்பாலும் அதுக்குக் கட்டுப்படுறதில்ல. ஊசின்னா செஃப்ட்ரையாக்சோன், மாத்திரைன்னா அசித்ரோமைசின் இல்ல செஃபிக்ஸிம், இதுதான் இப்ப நடைமுறை, எதுவும் நாரைத் தொடாது. இங்க நீங்க உஷாரா இருக்க வேண்டிய இடம் விடால் டெஸ்ட், டைஃபாய்டுக்குன்னு எடுக்குற ரத்தப் பரிசோதனை. சாதா வைரஸ் காய்ச்சல்லயும், எப்பவோ வந்து போன டைஃபாய்டாலயும் விடால் பாசிட்டிவ் காட்டும், அந்த ஒரு பேப்பரை வெச்சு பத்து நாள் ஆஃப்ளாக்ஸசின் எழுதுறது இன்னும் நடக்குது. ஆன்டிபயாட்டிக் தொடங்குறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் (ரத்தத்துல இருக்குற கிருமியை வளத்துப் பாக்குற டெஸ்ட்) எடுத்துடலாமா டாக்டர்னு மரியாதையா கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல. நிஜமாவே டைஃபாய்டுன்னா எந்த மருந்தா இருந்தாலும் அந்த சீசன் ரேஸை மறந்துட வேண்டியதுதான், குடல் ஆறவே பல வாரம் ஆகும்.

நீர்க்கடுப்பு, அதாவது ஒண்ணுக்குப் போனா எரிச்சல், அடிக்கடி போகணும்னு தோணுறது. பெண்கள் குரூப்ல இதுதான் அதிகம், லாங் ரன்ல பாத்ரூம் கிடைக்காதுன்னு தண்ணியே குடிக்காம ஓடுறாங்க, நம்ம ஊர் ரோட்டுல அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது. காய்ச்சல் இல்ல, முதுகு வலி இல்ல, கர்ப்பம் இல்லன்னா இங்க ஃப்ளாக்ஸசின் தேவையே இல்ல. நைட்ரோஃபுரன்டாயின் அஞ்சு நாள், இல்லன்னா ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பாக்கெட்டைத் தண்ணில கரைச்சு ஒரே ஒரு வேளை. நம்ம நாட்டுல நீர்க்கடுப்பைக் கொண்டு வர்ற ஈ கோலை கிருமி ஃப்ளாக்ஸசின்களுக்கு நிறைய பழகிப் போச்சு, இந்த ரெண்டுக்கும் இன்னும் நல்லா அடங்குது. ரெண்டுல எது? ஃபாஸ்ஃபோமைசின் ஒரே வேளைல முடியும், விலை கூட, சில பேருக்கு ஒரு நாள் வயிறு கலங்கும். நைட்ரோஃபுரன்டாயின் விலை கம்மி, சாப்பாட்டோட போடணும் இல்லன்னா குமட்டும், சிறுநீர் பழுப்பு நிறமாப் போகும், பயப்பட வேணாம். மாசக் கணக்குல எடுத்தா கை கால் நரம்புல மதமதப்பு வரலாம், அஞ்சு நாளைக்கு அந்தக் கவலை இல்ல. நான் கேட்டா நைட்ரோஃபுரன்டாயின்தான் கேப்பேன், ரேஸுக்கு முந்தின நாள் எரிச்சல் தொடங்கினா மட்டும் ஃபாஸ்ஃபோமைசின். ஆனா இது ரெண்டும் சிறுநீர்ப்பையில மட்டும்தான் நல்லா வேலை செய்யும், குளிர் காய்ச்சலோட இடுப்புக்கு மேல வலிச்சா கிருமி கிட்னிக்கு ஏறியிருக்கலாம், அப்ப இந்தக் கணக்கு செல்லாது, அன்னைக்கே டாக்டரைப் பாக்கணும், யூரின் கல்ச்சர் குடுக்கணும்.

தொண்டை வலி, சளி, இருமல், சைனஸ், இதுக்கு நீளமா எழுத ஒண்ணுமில்ல. பெரும்பாலும் வைரஸ், எதுவும் வேணாம். பாக்டீரியான்னு டாக்டர் முடிவு பண்ணா அமாக்ஸிசிலின், தேவைப்பட்டா கிளாவுலனேட் சேத்து. அலர்ஜி இருந்தா சொல்லிடுங்க, வயிறு இளகும், அவ்வளவுதான். லீவோஃப்ளாக்ஸசின் சளிக்கு எழுதி வந்தா அது ஏன்னு கேட்டே ஆகணும். கொப்புளம், உரசல் புண் சீழ் பிடிச்சதுக்கு செஃபலெக்ஸின் மாதிரி மருந்து இருக்கு, கபடி மேட்லயும் மல்யுத்த மேட்லயும் ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குப் பரவுற பிடிவாதமான சீழ்க் கட்டிக்கு கோட்ரைமாக்ஸசோல், டாக்ஸிசைக்ளின், கிளின்டமைசின்.

டாக்ஸிசைக்ளின் பத்தி ஒரு சுவாரசியம். ஃப்ளாக்ஸசின் எந்த மாதிரி கொலாஜென் அரிக்கிற என்ஸைமைத் தூண்டுதோ, அதை டாக்ஸிசைக்ளின் அடக்கும், பல் டாக்டருங்க ஈறு நோய்க்கு இதை ரொம்பக் குறைஞ்ச டோஸ்ல குடுக்குறது அதுக்காகத்தான். அதுக்காக நார் வலிக்கு இதை யாரும் போட்டுக்கக் கூடாது, கிருமி நோய்க்கு இதை எழுதினா நாரைப் பத்தி பயப்பட வேணாம்னு மட்டும் எடுத்துக்கோங்க. நம்ம பக்கம் ஸ்க்ரப் டைஃபஸ்ன்ற உண்ணிக்காய்ச்சல், எலிக்காய்ச்சல் ரெண்டுக்கும் இதுதான் முக்கியமான மருந்து. ஆனா வெயில்ல ஓடுறவங்களுக்கு இது தோலைப் பொசுக்கும், விடியறதுக்கு முன்னாடி ஓடி முடிச்சிடணும், மாத்திரையை ஒரு டம்ளர் நிறையத் தண்ணியோட போட்டு அரை மணி நேரம் படுக்காம இருக்கணும், இல்லன்னா உணவுக்குழாய் புண்ணாகும்.

தசைப் பக்கம் வந்தா ஃப்ளாக்ஸசின் மட்டும் குத்தவாளி இல்ல. கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டினோ அடார்வாஸ்டாட்டினோ போடுற நடுவயசுக்காரங்க நம்ம குரூப்ல நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின்ற ஆன்டிபயாட்டிக் சேந்தா ஸ்டாட்டின் ரத்தத்துல ஏறி தசையே கரைய ஆரம்பிக்கலாம், சிறுநீர் கோலா நிறத்துல போனா உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரில ஊசியாப் போடுற டாப்டோமைசின்ற ஆன்டிபயாட்டிக்கும் தசையைத் தாக்கும், வாராவாரம் சிபிகே, அதாவது தசை சேதத்தைக் காட்டுற ரத்த டெஸ்ட், பாப்பாங்க. அந்த டெஸ்ட் எடுக்குறதுக்கு முந்தின ரெண்டு மூணு நாள்ல நீங்க கடுமையா ஓடியிருந்தா ஓட்டத்தாலயே சிபிகே எகிறி இருக்கும், டாக்டர்கிட்ட சொல்லலைன்னா மருந்து மேல பழி போகும், இல்ல இல்லாத நோயைத் தேடுவாங்க. மையாஸ்தீனியா கிரேவிஸ்ன்ற தசை பலவீன நோய் இருக்குறவங்க ஃப்ளாக்ஸசின் பக்கமே போகக் கூடாது, மூச்சுத் தசையே தளர்ந்து போகலாம்.

சரி, ஃப்ளாக்ஸசின்தான் சரியான மருந்துன்ற இடம் எது? ஆண்களுக்கு புரோஸ்டேட்ல கிருமி ஏறினா அதுக்குள்ள நல்லா ஊடுருவுற மாத்திரை ரொம்பக் கம்மி, அதுல இது முன்னாடி நிக்கும், கிருமி அடங்கும்னு கல்ச்சர்ல வந்தா கோட்ரைமாக்ஸசோல் ரெண்டாவது வழி. சூடோமோனாஸ்னு ஒரு கிருமிக்கு வாய் வழியா இதை விட்டா வேற மாத்திரை கிட்டத்தட்ட கிடையாது. கிட்னி வரைக்கும் போன தொற்றுல கல்ச்சர் இதுக்குத்தான் அடங்கும்னு சொன்னா இதுதான். மருந்துக்கு அடங்காத காசநோய்ல லீவோஃப்ளாக்ஸசினும் மாக்ஸிஃப்ளாக்ஸசினும் இல்லாம சிகிச்சையை நினைச்சே பாக்க முடியாது. இந்த நிலைமை உங்களுக்கு வந்தா தயவுசெஞ்சு இந்தக் கட்டுரையைக் காட்டி மருந்தைத் தள்ளாதீங்க. நாரு போனா தைக்கலாம். மருந்தைப் போடுங்க, ஓட்டத்தை நிறுத்துங்க. கண்ணுக்கும் காதுக்கும் போடுற சிப்ரோஃப்ளாக்ஸசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின் சொட்டு மருந்து வேற கதை, ரத்தத்துல ஏறுறது மிகக் கம்மி, அதுக்காக ஓட்டத்தை நிறுத்த வேணாம்.

எடுத்தே ஆகணும்னு ஆனவங்களுக்கு பயிற்சில மூணு வழி இருக்கு. எப்பவும் போல ஓடுறது, குறைச்சு ஓடுறது, மொத்தமா நிறுத்துறது. முதலாவதை நான் பேச்சுக்குக் கூட எடுத்துக்க மாட்டேன். விளையாட்டு மருத்துவத்துல இதைப் பத்தி எழுதினவங்க மருந்து தொடங்கின நாள்லருந்தே அளவையும் வேகத்தையும் குறைக்கச் சொல்றாங்க, முடிஞ்சு வலி எதுவும் இல்லன்னா படிப்படியா ஏத்தலாம், குறைஞ்சது ஒரு மாசம் கண்காணிக்கணும்னு சொல்றாங்க. நான் ஒரு படி கூடவே போவேன், மாத்திரை போடுற நாள்ல நடை மட்டும், முடிச்சு ரெண்டு வாரம் சமதளத்துல மெதுவான ஓட்டம், ஸ்பிரின்ட், மேடு ஏறுறது, ஸ்கிப்பிங், பாக்ஸ் ஜம்ப் எல்லாம் ஒரு மாசம் கழிச்சுதான். ஏன்னா இந்த வலி மருந்து போட்ட ரெண்டாவது நாளும் வரும், மருந்து முடிச்சு சில மாசம் கழிச்சும் வரும்.

எங்க குரூப்ல நாப்பது தாண்டின ஒரு அண்ணாவுக்கு அப்படித்தான் ஆச்சு, வயித்துக்கு அந்த ஜோடி மாத்திரையைப் போட்டு முடிச்சு வயிறு சரியாகி ஓட்டமும் ஆரம்பிச்சிட்டார். ஒரு நாள் காலைல மாடிப்படி இறங்கும்போது ரெண்டு குதிகாலும் கட்டை மாதிரி இருந்திருக்கு, கைப்பிடியைப் பிடிச்சிட்டு பக்கவாட்டுல ஒவ்வொரு படியா இறங்கியிருக்கார். ஷூ சரியில்லன்னு நினைச்சு புது ஷூவும் வாங்கிட்டார். ரெண்டு கால்லயும் ஒரே நேரத்துல, அதுவும் தூரத்தைக் கூட்டாத வாரத்துல வந்ததுன்னு கேட்ட உடனேதான் மாத்திரையைப் பத்தி விசாரிச்சோம். நல்லவேளை அறுந்து போகல, ஸ்கேன்ல வீக்கத்தோட நின்னுடுச்சு, ஆனா அந்த சீசன் முழுக்க பிசியோகிட்ட குதிகாலை ஏத்தி இறக்குற பயிற்சிதான்.

மருந்து எடுக்கும்போதோ முடிச்ச பிறகோ குதிகாலுக்கு மேல காலைல விறைப்பு, தொட்டா வலி, தடிப்பு, இப்படி ஏதாவது வந்தா ஓட்டத்தை அன்னைக்கே நிறுத்தணும், மருந்து இன்னும் ஓடிட்டு இருந்தா அடுத்த வேளையைப் போடுறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்த டாக்டருக்கு போன் பண்ணி வேற மாத்த முடியுமான்னு கேக்கணும், நீங்களா பாதில நிறுத்திட்டு சும்மா இருக்கக் கூடாது. டிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போட்டு வலியை அமுக்கிட்டு ஓடாதீங்க, ஃப்ளாக்ஸசினோட அது சேந்தா வலிப்பு வர்ற வாய்ப்பும் கூடும். அந்த இடத்துல ஸ்டீராய்டு ஊசி போட யாரையும் விடாதீங்க. பட்டுன்னு சத்தம் கேட்டு பின்னாலருந்து யாரோ உதைச்ச மாதிரி இருந்து, குப்புறப் படுத்து கெண்டைக்காலை அமுக்கினா பாதம் அசையலன்னா நார் அறுந்திருக்கும், நேரா எலும்பு டாக்டர்கிட்ட. அப்புறம் திரும்ப ஓட ஆறு மாசத்துலருந்து ஒரு வருஷம்.

மெக்னீசியம் மாத்திரை போட்டா நார் தப்பிக்கும்னு ஜிம்ல சொல்றாங்க, மனுஷங்க கிட்ட அது நிரூபணம் ஆகல. அதைவிட, மெக்னீசியம், கால்சியம், இரும்பு, ஜெலுசில் மாதிரி அன்டாசிட் எது சேந்தாலும் வயித்துலயே மருந்தைப் பிடிச்சுக்கும், கிருமியும் சாகாது. போட்டே ஆகணும்னா சிப்ரோஃப்ளாக்ஸசினை அதுக்கு 2 மணி நேரம் முன்னாடி போடணும், இல்லன்னா 6 மணி நேரம் கழிச்சு.

பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்குற பசங்க, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் பிள்ளைங்க, ஸ்கூல் கபடி டீம், இவங்க விஷயத்துல கோச்சுங்களுக்கு ஒரு வேண்டுகோள். குட்டி விலங்குகள்ல இந்த மருந்து மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுத்ததாலதான் பிள்ளைங்களுக்கு இதை முதல் மருந்தா எழுதுறதில்ல. ஹாஸ்டல் முதலுதவிப் பெட்டில ஃப்ளாக்ஸசின் அட்டை இருந்தா எடுத்துட்டு அந்த இடத்துல ஓஆர்எஸ் பாக்கெட்டை அடுக்குங்க. பெரியவங்க டாக்டர் ரூமுக்குள்ள போன உடனே ஒரு வரி சொன்னா போதும்: சார், நான் தினம் ஓடுறேன், முன்னாடி குதிகால் நார் பிரச்சனை இருந்திருக்கு, ஃப்ளாக்ஸசின் இல்லாம வேற மருந்து இதுக்கு இருக்கா? ஸ்டாட்டின், ஸ்டீராய்டு எது எடுத்தாலும் அதையும் சேத்துச் சொல்லுங்க. சீட்டு எழுதி முடிச்ச பிறகு, கடைக்கு வந்து என்கிட்ட கேட்டா நான் மாத்திக் குடுக்க முடியாது, அதனால உள்ள இருக்கும்போதே கேட்டுடுங்க.